என் சனத்தை நான் எப்படிப் படம் எடுப்பது?

கேள்வி: எனக்கு 20 வயது. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் இருளர் பழங்குடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பழைய கேனான் 1500டி கேமராவும், 18–55 லென்ஸும், ஒரு 50 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். எங்கள் சனத்தைப் பற்றியும், என் வயதுப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாவதைப் பற்றியும் ஒரு படத்தொகுப்பு செய்ய ஆசை. மாசி மகத்துக்கு எங்கள் சனம் கூடும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால் நான் எடுப்பதும் பத்திரிகைக்காரர்கள் எடுப்பது மாதிரியேதான் வருகிறது. முகங்கள் கறுத்துப்போகின்றன, செல்போனில் வெளிச்சம் ஏற்றினால் திட்டுத் திட்டாகிவிடுகின்றன. சித்தி மகள் போன மாதம் பெரியவளானாள். அந்தச் சடங்குப் படங்களைத் தொகுப்பில் சேர்க்கலாமா? தாத்தா பாம்பு பிடித்தவர். அவரைப் பாம்போடு எடுக்கச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு தொண்டு நிறுவனமும் என் படங்களைக் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

சடங்குப் படத்தை முதலில் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது. அந்தப் படங்களைத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம். போட்டிக்கு அனுப்ப வேண்டாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைக்க வேண்டாம். அவை உங்கள் தங்கையின் படங்கள். நல்லதாக இருபது படம் தேர்ந்தெடுத்து, 4×6 அளவில் அச்சுப் போட்டு, ஓர் ஆல்பமாக அவள் கையில் கொடுங்கள். மூலக் கோப்புகளைத் தனி ஃபோல்டரில் போட்டு அவள் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். அவளுக்கு 18 முடிந்தபிறகு, விருப்பமிருந்தால் அவளே எடுத்துக் கொடுக்கட்டும். இன்றைக்கு அவள் அம்மா சரி என்று சொன்னாலும், அவளே தலையாட்டினாலும், பதின்மூன்று பதினான்கு வயதில் சொல்லும் சரி இருபது வயதில் செல்லாமல் போகலாம். இணையத்தில் போன படத்தைத் திரும்ப வாங்க முடியாது.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு வீட்டுப் பெண்ணின் படம் வெளியே போகும்போது அது அவளுடைய படமாக இருப்பதில்லை. 'இருளர் பூப்புச் சடங்கு' என்ற தலைப்பு அதன் மேல் ஏறிவிடும். நூறு வருடத்துக்கு மேலாக நடப்பது இதுதான். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து குறித்தவர் அவர். அந்தக் காலத்துப் படங்களில் நிற்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இனப்பெயர் மட்டும்தான் உண்டு. ஆளின் பெயர் இல்லை, ஊர் இல்லை, யாருடைய அப்பா, யாருடைய அத்தை என்பது இல்லை. உங்கள் கேமரா அந்த வரிசையில் போய் நிற்கக் கூடாது. ஒரு விதியை இன்றே வைத்துக்கொள்ளுங்கள்: பெயர் தெரியாத ஒரு முகமும் உங்கள் தொகுப்பில் இருக்காது.

சடங்கு வீட்டில் எடுத்துக்கொடுக்கும் படங்கள் நன்றாக வர ஒரு குறிப்பு. மஞ்சள் நீரும், மஞ்சள் பூசிய முகமும், மஞ்சள் துணியும் சேர்ந்தால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (கேமரா தானாக நிறத்தைச் சமன் செய்வது) அந்த மஞ்சளைப் பிழையென்று நினைத்து வெளுக்க வைத்துவிடும். வெளியே எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்துங்கள். மாமன் குச்சு (சடங்குக்கான ஓலைக் குடில்) கட்டும்போது ஓலை முடிகிற கை, வரிசைத் தட்டுகள், சடங்கு முடிந்து பிரித்துப் போட்ட பச்சை ஓலை, இவற்றில் அவள் இல்லை. சித்தி, சித்தப்பாவிடம் கேட்டுவிட்டு இவற்றில் ஒன்றிரண்டைத் தொகுப்பில் வைக்கலாம். ஊர்ப் பெயரும் தேதியும் மட்டும் போடாதீர்கள். போட்டால் எந்த வீடு என்று தெரிந்துவிடும்.

ஆளாவது என்பது சடங்கில் மட்டும் இல்லை. உங்கள் வயதுப் பிள்ளைகள் வாழ்க்கையில் அது எங்கெங்கே நடக்கிறது என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பழங்குடிச் சான்றிதழுக்கு ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) அலுவலகத்துக்கு அலைந்த நாட்கள். அது கையில் கிடைத்த நாள். முதல் பேருந்து பாஸ். பள்ளியை விட்டு அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போன அண்ணன். தவணையில் வந்த பைக். கல்யாணமாகி வேறு குடியிருப்புக்குப் போன தோழி. வெளியாட்கள் எடுத்த இருளர் படங்களில் சுருக்கம் விழுந்த கிழவர்களும், பாம்பும், எலி வளையும், ஓலைக் குடிசையும் நிறைய உண்டு. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் இருபது வயது இருளர் பெண் அபூர்வம். உங்கள் தொகுப்பின் பலம் அங்கேதான் இருக்கிறது. அதற்காகப் பழைய உடை உடுத்தச் சொல்லி யாரையும் நிறுத்தாதீர்கள். செல்போனை மறைக்கச் சொல்லாதீர்கள். பழமையாகத் தெரியட்டும் என்று கறுப்பு வெள்ளையாக மாற்றவும் வேண்டாம்.

வேலைமுறை இப்படி இருக்கட்டும். உங்கள் வயதுக்காரர்கள் ஆறு பேர். உங்கள் குடியிருப்பில் நான்கு பேர், வெளியே படிக்கவோ வேலைக்கோ போனவர்கள் இரண்டு பேர். ஒவ்வொருவரையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஒரு வருடம் எடுங்கள். 18–55 லென்ஸை 35 மி.மீ. குறியில் வையுங்கள். உங்கள் கேமராவில் அது ஏறத்தாழ கண் பார்க்கும் அளவு. ஒன்றரை மீட்டர் தூரம், எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 5.6, கேமரா அவர்கள் கண் மட்டத்தில். ஒவ்வொரு முறையும் இதை மாற்றாதீர்கள். இடத்தையும் உடையையும் அவர்களே முடிவு செய்யட்டும். சட்டகம் மாறாமல் இருந்தால்தான் ஆள் மாறுவது தெரியும்: மீசை வருவது, தாலி வருவது, உடம்பு மெலிவது, நிற்கிற நிமிர்வு மாறுவது. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலைச் செல்போனில் இரண்டு நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். 'போன தடவைக்கும் இப்போதைக்கும் என்ன மாறிச்சு?' என்பது போதும்.

சூளையில் இருப்பவர்களை எடுக்கப் போகும்போது கவனம். முன்பணம் வாங்கியிருக்கிற குடும்பம் என்றால், நீங்கள் எடுக்கும் ஒரு படத்தால் அவர்களுக்கு வசவோ அடியோ கூலிப் பிடித்தமோ வரலாம். கொத்தடிமை முறை 1976-இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் சட்டம் அந்த இடத்தில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்காது. சூளைக்குள் எடுக்காமல், கிளம்பும் நாளில் கட்டும் மூட்டையையும், பூட்டிய வீட்டையும், திரும்பி வந்த அன்றைக்குக் கையையும் எடுங்கள். அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அது படத்துக்கான விஷயமே இல்லை. கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ புகார் போக வேண்டும்.

இனி முகங்கள். அவை கறுத்துப்போவதற்குக் காரணம் முகமல்ல, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் கடலும் வானமும் இருந்தால், அந்த வெளிச்சத்தைக் கண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முகம் இரண்டு ஸ்டாப் கீழே, அதாவது கால்பங்கு வெளிச்சத்துக்குப் போய்விடும். அப்படி இருண்ட ஜேபெக் படத்தில் செல்போன் ஆப் வைத்து வெளிச்சம் ஏற்றும்போது, இருட்டுப் பகுதியில் சேமிக்கப்படாத விவரம் எங்கிருந்தும் வராது. நீங்கள் பார்க்கும் திட்டுகள் அதுதான்.

செய்ய வேண்டியது: படத்தை ரா முறையில் (கேமரா பதிந்த விவரத்தை ஜேபெக் போலக் குறைக்காமல் வைக்கும் கோப்பு) சேமியுங்கள். ஒரு படம் 25 எம்.பி.க்குக் குறையாமல் வரும், 64 ஜி.பி. கார்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் அடங்கும். 1500டியில் ஸ்பாட் மீட்டரிங் கிடையாது. பார்ஷியல் மீட்டரிங் உண்டு. வியூஃபைண்டரின் நடுவில் சுமார் பத்து சதவீத இடத்தை மட்டும் அளக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். முகத்தை நடுவில் வைத்து, கேமராவின் பின்பக்கம் நட்சத்திரக் குறி போட்ட பொத்தானை அழுத்துங்கள். அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு சட்டகத்தைச் சரிசெய்து எடுங்கள்.

ஆனால் இதிலும் ஒரு பிசகு உண்டு. நல்ல கறுப்பு முகத்தை மட்டும் அளந்தால், மீட்டர் அதையும் சாம்பலுக்கு இழுக்கும். முகம் வெளுத்து, சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும். அதனால் பார்ஷியலில் முகத்தை அளக்கும்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொன்ன வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) −2/3-இல் வையுங்கள். மிகக் கறுப்பான முகத்துக்கு −1. நேரமில்லாமல் வழக்கமான மீட்டரிங்கிலேயே எடுக்க வேண்டி வந்தால், பின்னால் வானம் இருக்கிறபோது +1 முதல் +1 2/3 வரை ஏற்றுங்கள். வானம் வெளுக்கட்டும், பரவாயில்லை. ஒரு படம் எடுத்து, பெரிதாக்கி, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் பளபளப்பைப் பாருங்கள். அது வெறும் வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் குறைக்க வேண்டும். அந்த இடத்தில் தோலின் இழை தெரிந்தால் சரியாக இருக்கிறது.

கறுப்புத் தோல் வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பது அந்தப் பளபளப்பில்தான். அதனால் அதற்குப் பெரிய, மெத்தென்ற, பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். வீட்டு வாசலைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது. ஆளை வாசலிலிருந்து ஓரடி, இரண்டடி உள்ளே உட்கார வைத்து, முகத்தைப் பாதி வாசல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் வாசலில் நிற்காதீர்கள், வெளிச்சத்தை நீங்களே மறைத்துவிடுவீர்கள். உள்ளே சுவரோரம் நில்லுங்கள். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறன்) 800 என்று ஆரம்பித்துப் பாருங்கள். பின்னால் முழு இருட்டு இருந்தால் தலைமுடியும் தோளும் அதில் கரைந்துவிடும். ஒரு வெளிர் சேலையையோ, வெளிச்சம் படும் சுவரையோ பின்னால் வரும்படி பாருங்கள். எடுக்குமுன் பவுடர் பூச வேண்டாம் என்று சொல்லுங்கள். பவுடர் பூசிய முகம் சாம்பல் பூத்ததாகத்தான் வரும். உச்சி வெயிலில் எடுக்கவே வேண்டியிருந்தால், வீட்டு நிழலில் நிறுத்தி, ஒரு வெள்ளை வேட்டியை ஒரு மீட்டர் தள்ளி இருவர் பிடித்துக்கொள்ளட்டும். அந்த எதிரொளி கண்குழிகளை நிரப்பும். வேப்பமர நிழல் வேண்டாம், இலை இடுக்கு வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக விழும்.

தார்ப்பாய்க் கூரை வீடுகள் ஒரு தனிச் சிக்கல். நீலத் தார்ப்பாய் வழியாக வரும் வெளிச்சம் முகத்தை நீலமாக்கும். தார்ப்பாய் வெளிச்சம் மட்டும் இருந்தால், அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வைத்தால் சரியாகிவிடும். வாசல் வெளிச்சம் பாதி, தார்ப்பாய் நீலம் பாதி என்று கலந்தால் எந்த அளவும் இரண்டையும் சேர்த்துத் திருத்தாது. ஆளை வாசலுக்கு நகர்த்துவது ஒன்றே வழி.

அச்சுக் கடையில் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. நீங்கள் இவ்வளவு பாடுபட்டு எடுத்த முகத்தை, ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பவர் 'நல்லா வரட்டும்' என்று வெளுப்பாக்கிவிடுவார். 'கலர் கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்கள்' என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு படத்தை அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் அந்த ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

மாசி மகம். பத்திரிகைக்காரர்கள் விடியற்காலையில் வந்து, நீண்ட லென்ஸில் சூரியனுக்கு எதிரே நிழலுருவங்களையும், அருள் வந்தவர்களின் முகங்களையும் எடுத்துவிட்டு எட்டு மணிக்குள் போய்விடுவார்கள். அவர்கள் நின்ற இடத்தில் நீங்களும் நின்றால் அதே படம்தான் வரும். நீங்கள் அந்தக் கரையில் யாரோ வீட்டு மகள். உங்கள் உறவுக்காரர்கள் நட்ட கொம்பும், சுற்றிக் கட்டிய சேலை மறைப்பும் உங்களுக்கு வீடு. முந்தின நாள் மாலையே வந்து அங்கேயே இருங்கள். உங்கள் சொந்தக்காரர்கள் மணலில் படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடும் அந்த ஓரிடத்தை மட்டும் எடுங்கள். கரை முழுக்க அலைய வேண்டாம்.

நிற்கும் இடம் முக்கியம். கும்பிடுகிறவர்கள் கடலைப் பார்த்து, கிழக்கு முகமாக இருப்பார்கள். பின்னாலிருந்து எடுத்தால் முதுகும் நிழலுருவமும்தான் கிடைக்கும். கடல் பக்கம் போய் எதிரே நின்றால் வெளிச்சம் முகத்தில் அழகாக விழும். ஆனால் சாமிக்கும் சனத்துக்கும் நடுவில் நிற்பதாகிவிடும். வடக்கு அல்லது தெற்குப் பக்கமாக, படியின் வரிசையிலேயே முழங்காலிட்டு உட்காருங்கள். கீழ்வான வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கத்தை வருடும், படியில் வைத்த பூவும் தேங்காயும் முன்னால் வரும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

மாசியில் அங்கே சூரியன் ஏறத்தாழ ஆறரைக்குச் சற்று முன்னால் உதிக்கும். அதற்கு முந்தின இருபது நிமிடம்தான் உங்களுக்கான நேரம். அப்போது வெளிச்சம் வானம் முழுக்கப் பரவி, நிழல் கனக்காமல் இருக்கும். தொடக்கத்தில் எஃப் 4, 1/60, ஐ.எஸ்.ஓ. 3200 என்று இருந்தால், உதயம் நெருங்க நெருங்க ஐ.எஸ்.ஓ.வை 800 வரை இறக்கிக்கொண்டே வாருங்கள். இரவில் பெட்ரோமாக்ஸ், அடுப்பு நெருப்பு, செல்போன் டார்ச் இவற்றில் எடுக்க 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2, 1/100, ஐ.எஸ்.ஓ. 3200. ஃபிளாஷ் எந்த நேரத்திலும் வேண்டாம். அருள் வந்தவர் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பது அவமரியாதை. பூசாரியிடம் முதல் நாளே போய், எந்த நேரத்தில் கேமராவைக் கீழே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்ன நேரத்தில் கீழே வையுங்கள். கடலில் குளிக்கும் பெண்களை, நனைந்த துணியோடு இருப்பவர்களை எடுக்கக் கூடாது, அவர்கள் உங்கள் அத்தையாகவே இருந்தாலும்.

கரையிலேயே நடக்கும் கல்யாணம், மொட்டை, காது குத்து எல்லாம் உங்கள் தலைப்புக்கு நேரடியாகப் பொருந்துகிறவை. மாப்பிள்ளை, பெண்ணிடம் அச்சுக் கொடுப்பதாகச் சொல்லி எடுங்கள், சொன்னபடி கொடுங்கள். எட்டு மணிக்குப் பிறகும் இருங்கள். சேலை மறைப்பை அவிழ்ப்பது, மணலைத் தட்டி மடிப்பது, புது மணப்பெண் எந்த வண்டியில் யாரோடு ஏறுகிறாள் என்பது. அந்த நேரத்தில் கரையில் வேறு கேமரா இருக்காது.

மணலும் உப்பும் லென்ஸைத் தின்றுவிடும். 18–55 லென்ஸ் ஜூம் பண்ணும்போது நீண்டு சுருங்குவதால் மணலை உள்ளே இழுக்கும். அதை 24-இல் நிறுத்தி, ஜூம் வளையத்தில் பேப்பர் டேப் ஒட்டிவிடுங்கள். கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். இரவுக்கு 50, விடியலுக்கு 18–55 என்று, மாற்றுவதானால் வண்டிக்குள் போய் மாற்றுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் கேமரா உடம்பைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸ் கண்ணாடியில் வாயால் ஊதாதீர்கள், ரப்பர் புளோயரால் மணலை முதலில் ஊதி எடுங்கள். மணல் இருக்கும்போதே துடைத்தால் கண்ணாடியில் கீறல் நிச்சயம். லென்ஸின் முன்னால் ஒரு யூ.வி. ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

தாத்தாவைப் பற்றி. அவருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அவர் உங்கள் வயதில் இருந்தபோதுதான் இருளரின் பிழைப்பே தலைகீழானது. தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்றது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தபிறகு மெல்ல மெல்ல நின்றது. பிடிக்கிற கை இருந்தது, விற்க வழியில்லை. 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. வனத்துறை அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கைப் பிடித்து, மண்பானையில் வைத்து, விஷம் எடுத்து, சில வாரத்தில் காட்டிலேயே விட்டுவிடுகிற முறை வந்தது. பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. உங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்த அறிவுக்காகத்தான். இருபது வயதில் தாத்தா என்ன செய்து பிழைத்தார், அவருக்கு யார் கற்றுக்கொடுத்தது, முதன்முதலில் தனியாகப் போன அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் ஆளான கதையும் உங்கள் தொகுப்புக்குள்தான் வர வேண்டும்.

படத்துக்காகப் பாம்பு பிடிக்கச் சொல்லாதீர்கள். அனுமதி இல்லாமல் பிடிப்பது குற்றம். வயதான கை ஒரு நொடி தாமதித்தால் உயிர் போகும். நீங்கள் எடுக்க வேண்டியது அவர் பாம்பைப் பார்க்கும் விதத்தையல்ல, தரையைப் பார்க்கும் விதத்தை. வரப்போரம் எலி வளை முன்னால் உட்கார்ந்து, மண்ணில் படிந்த ஊர்ந்த தடம் பழசா புதுசா, எந்தப் பக்கம் போனது, என்ன பாம்பு என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். இதைக் காலை ஏழு மணிக்குள்ளோ மாலை ஐந்தரைக்கு மேலோ எடுக்க வேண்டும். வெயில் சாய்ந்து விழுந்தால்தான் அந்த மெல்லிய தடத்துக்கு நிழல் கிடைத்துப் படத்தில் தெரியும். மதியத்தில் வெறும் மண்ணாகத்தான் இருக்கும். 24-இல், எஃப் 8, தரைக்கு ஓரடி உயரத்தில் கேமரா. விரல் கூர்மையாகவும், பின்னால் தாத்தாவின் முகம் அடையாளம் தெரிகிற அளவிலும் வரும். கடப்பாரை, துணிப்பை, கடிபட்ட தழும்பு இருந்தால் அது, இவற்றைத் தனியாக எடுங்கள். பானைகளை எடுக்க விரும்பினால் சங்கத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பாம்பு இருந்த இடம் தெரியும்படி படங்களில் லொகேஷன் பதிவாக விடாதீர்கள். செல்போனில் எடுக்கும்போது அது தானாகப் பதிவாகும், அணைத்துவிடுங்கள்.

அச்சைத் திரும்பக் கொடுப்பதை இந்த வேலையின் கடைசிப் படியாக நினைக்காதீர்கள். அடுத்த படத்துக்கான கதவே அதுதான். மாதம் ஒருமுறை, அந்த மாதம் எடுத்ததில் முப்பது படத்தை 4×6-இல் போடுங்கள். உங்கள் கேமரா தரும் சட்டகம் 4×6-இலும் 8×12-இலும் வெட்டுப்படாமல் விழும். 5×7 கேட்டால் ஓரம் போகும், ஓரத்தில் நிற்கும் சித்தப்பா பாதியாகிவிடுவார். பின்பக்கம் பெயர், உறவு, இடம், தேதி எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும். மெல்லிய மார்க்கரால் எழுதி, காயவிட்டு, பிறகு லேமினேஷன் போடுங்கள். படத்தைச் சுற்றி மூன்று நான்கு மி.மீ. பிளாஸ்டிக் ஓரம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஓரத்தை ஒட்டி வெட்டினால் கூரை ஒழுகும் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே போய்ப் படம் ஒட்டிக்கொள்ளும்.

கொடுக்கும் அன்று பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்புங்கள். பெரியவர்கள் எதை எடுத்துப் பார்க்கிறார்கள், எதைக் கவிழ்த்து வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒருவர் வேண்டாம் என்று சொன்ன படம் அன்றைக்கே தொகுப்பிலிருந்து போய்விட வேண்டும். காரணம் கேட்க வேண்டாம். சம்மதம் சொல்கிறவர்களிடம், எங்கே காட்டப் போகிறீர்கள் என்று விளக்கி, அவர்கள் பதிலைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். கையெழுத்துப் படிவத்தை நீட்டினால், முன்பணப் பத்திரத்தில் கைரேகை வைத்த ஞாபகம் வரும் வீடுகள் உண்டு. வருட முடிவில் இருபது படத்துக்குள் தொகுப்பை நிறுத்துங்கள். தாத்தா மூன்று, மாசி மகம் நான்கு, மீதியெல்லாம் அந்த ஆறு பேரும் அவர்கள் வீடுகளும். நன்றாக வந்த படம் என்பதற்காகவே உள்ளே நுழைகிற படம்தான் பெரும்பாலும் வெளியே போக வேண்டியது.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, உள்ளே எழுதிய பெயர் விவரமும் கோப்பின் பெயரும் போய்விடும். அதனால் கோப்பின் பெயரிலேயே தேதி, ஊர், ஆள் பெயரை வைத்து, டாக்குமென்டாக அனுப்புங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று வீட்டில், ஒன்று கல்லூரித் தோழி வீட்டில். பென்டிரைவை நம்பாதீர்கள்.

தொண்டு நிறுவனம் கேட்பதைப் பற்றி. பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்கே உரிமை. ஆயுள் முழுக்கவும், அதன்பின் 60 வருடமும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமை பணம் கொடுத்தவருக்குப் போகும். ஆகவே இனிமேல் அவர்களுக்காக எடுப்பது வேறு, ஏற்கெனவே எடுத்ததைக் கொடுப்பது வேறு. ஏற்கெனவே எடுத்ததென்றால், 'இந்தப் பத்துப் படங்களை, இந்த அறிக்கையிலும் இந்தக் கண்காட்சியிலும், இரண்டு வருடத்துக்குப் பயன்படுத்த மட்டும் அனுமதி' என்று எழுதுங்கள். படங்களை எண்ணிட்டுப் பட்டியலிடுங்கள். உங்கள் பெயரும், படத்தில் இருப்பவர் எந்தப் பெயரில் வர விரும்புகிறாரோ அந்தப் பெயரும் போட வேண்டும். தலைப்பு வாசகத்தை உங்களிடம் காட்டாமல் மாற்றக் கூடாது. நிதி கேட்கும் விளம்பரத்தில் போடக் கூடாது. ஒரு குழந்தையின் முகத்துக்குக் கீழே 'பசியால் வாடும்' என்று அச்சாகி வந்தபிறகு அந்த வீட்டு வாசலில் உங்களால் நிற்க முடியாது. படத்தில் இருப்பவர் பின்னால் மறுத்தால் எடுத்துவிட வேண்டும். பணம் எவ்வளவு, எப்போது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். போட்டிகளுக்கும் இதே கண்தான்: 'அனுப்பும் எல்லாப் படங்களின் உரிமையும் எங்களுக்கே' என்று விதிகளில் எங்காவது இருந்தால் அனுப்பாதீர்கள்.

இவற்றுக்கு எழுத்தில் சம்மதம் வந்தால் கொடுங்கள். 'நம்பிக்கைதானே முக்கியம், தாள் எதற்கு' என்று பதில் வந்தால் கொடுக்க வேண்டாம்.